சந்தையா, காப்பா? கேஸ் கியூவில் கேட்ட ஒரு பேச்சிலிருந்து தொடங்கலாம்

2022 ஜூன் மாதம், கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சமையல் கேஸ் கியூ. சிலிண்டர்களை ஒரே சங்கிலியில் கோத்துப் பூட்டிவிட்டு ஆட்கள் கடை நிழலில் உட்கார்ந்திருந்தோம், லொறி வருமா வராதா என்று யாருக்கும் தெரியாது. எனக்கு முன்னால் எழுபது வயது மதிக்கக்கூடிய யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர். எனக்குப் பின்னால் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து இங்கே வீட்டு வேலை செய்யும் ஒரு அம்மா, அவர் நின்றதும் தன் சிலிண்டருக்காக இல்லை, வேலை செய்யும் வீட்டுக்காரரின் சிலிண்டருக்காக.

பேச்சு எப்படியோ பழைய கியூக்களுக்குப் போனது. ஐயா சொன்னார்: "சிறிமாவோ காலத்திலயும் கியூதான். ஆனா அந்தக் காலத்திலதான் எங்கட ஊர் ஆக்கள் கல்வீடு கட்டினவை. வெளியில இருந்து மிளகாய், வெங்காயம் வர விடேல்ல. அப்பா வெங்காயம் வித்த காசிலதான் அக்காவின்ர கலியாணமே நடந்தது."

அந்த அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சொன்னார்: "எங்க தோட்டத்துல அப்பதான் ஐயா என் தம்பி செத்தான். சாப்பாடு இல்லாம. எனக்குப் பத்து வயசு."

"எந்த வருசம் பிள்ளை?"

"எழுபத்து நாலு."

ஐயாவுக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

இரண்டு பேரும் உண்மைதான் சொன்னார்கள். ஒரே அரசாங்கம், ஒரே கொள்கை, ஒரே ஆண்டுகள். ஒரு நாடு ஆட்டம் காணும்போது இடதுசாரி, தாராளவாதம், திறந்த பொருளாதாரம், மானியம், சர்வதேச நாணய நிதியம் என்று சொற்கள் நம்மைச் சுற்றிப் பறக்கின்றன, அவற்றுக்கு அகராதியில் பொருள் தேடினால் தலைதான் சுற்றும். அந்தக் கியூவில் கேட்ட இரண்டு கதைகளும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்று பார்த்தால் இந்தச் சொற்கள் தானாகவே பிடிபடும். பொருளாதாரம் படிக்காதவர்களுக்காகத்தான் எழுதுகிறேன், அதனால் நிதானமாகவே போவோம்.

அடிப்படைக் கேள்வி ஒன்றுதான். அரிசியின் விலையை, நிலத்தின் விலையை, ஒரு நாள் உழைப்பின் விலையை, டொலரின் விலையை யார் தீர்மானிக்க வேண்டும்? வாங்குகிறவரும் விற்கிறவருமா, இல்லை அரசா?

இந்தக் கேள்விக்கு நேர் எதிரான இரண்டு பதில்கள் 1944ஆம் ஆண்டு ஒன்றிலேயே நூல்களாக வந்தன. எழுதிய இரண்டு பேருக்கும் வியன்னாதான் பிறந்த ஊர். ஒருவர் ஃபிரெட்ரிக் ஹயெக், மற்றவர் கார்ல் பொலான்யி. முதல் உலகப் போர், ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு உடைந்தது, பணவீக்கம், பிறகு ஹிட்லர் என்று ஒரு சமூகமே சரிந்து விழுந்ததை இருவரும் கிட்ட நின்று பார்த்தவர்கள். ஏன் சரிந்தது என்பதற்கு இருவரும் வேறு வேறு காரணம் சொன்னார்கள்.

ஹயெக் சொன்னதை முதலில் பார்ப்போம், ஏனென்றால் இலங்கையில் அவரை ஆதரிக்கிறவர்களும் திட்டுகிறவர்களும் அவர் சொன்னதன் நல்ல பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். விலை என்பது ஒரு செய்தி என்றார் அவர். நுவரெலியாவில் மழை கொட்டி கரட் அழுகிவிட்டது என்று வையுங்கள். பேலியகொடையில் மெனிங் சந்தையில் அன்று விடியற்காலையிலேயே கரட் விலை ஏறும். கொட்டாஞ்சேனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர் அன்று கரட்டுக்குப் பதில் பூசணிக்காய்க் கறி வைப்பார், வெலிமடையில் ஒரு விவசாயி அடுத்த போகம் கொஞ்சம் கூடுதலாகக் கரட் போடலாம் என்று நினைப்பார். இவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை, எந்த அமைச்சும் சுற்றறிக்கை அனுப்பவும் இல்லை. நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கும் இந்தச் சின்னச் சின்ன அறிவை ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து திரட்டவே முடியாது, அப்படித் திரட்டித் திட்டமிடப் போகிற அரசு கடைசியில் மனிதர்களையும் அடக்க வேண்டி வரும் என்பது அவர் அச்சம்.

விலையைப் பொய் சொல்ல வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் நமக்குத் தேவையில்லை. 2021 கடைசியிலிருந்து 2022 மார்ச் தொடக்கம் வரை டொலரை 200 ரூபாய்ப் பக்கத்தில் கட்டாயமாகப் பிடித்து வைத்திருந்தார்கள். வெள்ளவத்தையில் வெளிநாட்டுக் காசு வராத வீடு குறைவு. வங்கியில் போட்டால் 200, வங்கிக்கு வெளியே கைமாற்றிக் காசு கொடுக்கும் உண்டியல்காரரிடம் போனால் அதைவிட நன்றாகவே கூட. கனடாவில் இருக்கும் மகன் எதில் அனுப்புவான்? உண்டியலில்தான் அனுப்பினான். வங்கிக்கு டொலர் வரவில்லை, டொலர் இல்லாததால் கேஸ் கப்பலுக்குப் பணம் கட்ட முடியவில்லை, நாங்கள் சங்கிலியில் சிலிண்டரைக் கோத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் பிடியை விட்டபோது ரூபாய் ஒரு டொலருக்கு 360 வரை போனது. இந்த விஷயத்தில் ஹயெக் பக்கம்தான் நியாயம் இருக்கிறது, தயக்கமில்லாமல் சொல்வேன்.

பொலான்யி கேட்டது வேறு. கரட் விற்பதற்காக விளைவிக்கப்பட்ட பொருள், சரி, அதற்குச் சந்தை விலை சரிதான். ஆனால் நிலத்தை யாராவது விற்பதற்காக உற்பத்தி செய்தார்களா? மனிதரை? பணத்தை? இந்த மூன்றையும் கரட் மாதிரி விற்பனைப் பண்டமாக நடத்துவது ஒரு பொய், ஆனால் சந்தைப் பொருளாதாரம் முழுவதும் அந்தப் பொய்யின் மேல்தான் நிற்கிறது என்றார். உழைப்பின் விலை விழுந்தால் கரட்டைப் போல அதைக் குப்பையில் கொட்டிவிட முடியாது, அந்த உழைப்போடு ஒட்டிக்கொண்டு ஒரு உடம்பும் அதற்கு ஒரு வயிறும் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள இலங்கையின் தோட்டப் பகுதியான மலையகத்தைவிடத் தெளிவான இடம் உலகத்தில் இருக்குமா என்று தெரியவில்லை. 1840இல் பிரித்தானிய அரசு ஒரு சட்டம் போட்டது, உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காடும் சேனை நிலமும் முடிக்குச் சொந்தம் என்று. அந்த நிலம் கோப்பித் தோட்டக்காரர்கள் கைக்குப் போனது. அப்படியே நிலம் பண்டமானது. பிறகு அந்த நிலத்தில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள், ஆள் சேர்த்துக் கொடுக்கும் கங்காணியின் கடனோடு கட்டி இழுத்து வரப்பட்டார்கள். அடுத்த தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் கடனைத் தீர்த்துத் "துண்டு" என்ற விடுவிப்புச் சீட்டு வாங்க வேண்டும். அதாவது உழைப்பும் பண்டம், அதுவும் தானாக நடமாட முடியாத பண்டம். சந்தை என்பது அரசு கையைக் கட்டிக்கொண்டிருந்தால் தானாக முளைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அரசு சட்டம் போட்டு, நிலத்தைப் பிடுங்கி, ஆட்களைக் கொண்டுவந்துதான் அதை உருவாக்கியது. பொலான்யி இங்கிலாந்தின் வரலாற்றை வைத்துச் சொன்னதும் இதையேதான்.

மூன்றாவது பண்டமான பணத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. தோட்டத் தொழிலாளர்கள் வருடக்கணக்கில் போராடி 1,000 ரூபாய் நாட்சம்பளத்தை வாங்கினார்கள், 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்தது. அன்றைக்கு அது 5 டொலர். அடுத்த ஆண்டு ரூபாய் விழுந்தபோது அதே 1,000 ரூபாய் 3 டொலர்கூட இல்லை. பறிக்க வேண்டிய கொழுந்தின் எடை குறையவில்லை, அது ஏலத்தில் விற்பது டொலர்க்காரர்களுக்கு. யாரும் சம்பளத்தைக் குறைக்கிறோம் என்று அறிவிக்கவும் இல்லை. போராடிப் பெற்றது ஒரு வருடத்தில் கரைந்துவிட்டது.

இங்கேதான் பொலான்யியின் முக்கியமான கருத்து வருகிறது, "இரட்டை இயக்கம்" என்று தமிழில் சொல்லலாம். சந்தை விரிய விரிய, அதன் அடி தாங்காத சமூகம் தன்னைக் காத்துக்கொள்ள எதிர்த்து நகரும். தொழிற்சங்கம், மானியம், இறக்குமதித் தடை, இலவச ஆஸ்பத்திரி, சில நேரம் தெருப் போராட்டம், எல்லாமே அந்த எதிர் நகர்வின் வடிவங்கள். அந்தக் காப்பு அதிகமாகி மூச்சு முட்டும்போது மறுபடியும் சந்தைப் பக்கம் சாய்வு வரும். இலங்கைக்காரர்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மனம் மாறுகிறவர்கள், ஓசிக்குப் பழகியவர்கள் என்று கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருந்து பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது கோபம் வரவைக்கும் பேச்சு. எங்கே அடி விழுகிறதோ அந்தப் பக்கத்திலிருந்து விலகுவது மனம் மாறுவது ஆகாது.

1953ஐ எடுங்கள். கொரியப் போர்க் காலத்து ரப்பர் விலை இறங்கிவிட்டது, பங்கீட்டுக் கூப்பனுக்குக் கொடுக்கும் அரிசிக்கான மானியத்தைத் திறைசேரியால் தாங்க முடியவில்லை. நிதி அமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன. ஒரு கொத்து (அந்தக் காலத்து அளவை) அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானது. கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் அவர் செய்தது சரி. ஓகஸ்ட் 12ஆம் திகதி இடதுசாரிக் கட்சிகள் ஹர்த்தாலுக்கு, அதாவது முழு அடைப்புக்கு, அழைத்தன, கொழும்பும் தென்மேற்குக் கரையும் நின்றுபோயின, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அமைச்சரவை தரையில் கூடப் பயந்து துறைமுகத்தில் நின்ற நியூஃபவுண்ட்லாண்ட் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூட்டம் நடத்தியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். காலிமுகத்திடலில் நின்று துறைமுகப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கப்பல் நினைவு வரும். 25 சதத்துக்கும் 70 சதத்துக்கும் இடையில் என்ன இருந்தது என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இதுவரை சரி. ஆனால் பொலான்யியைப் படிக்கிற தமிழர் ஒருவர் இந்த இடத்தில் நின்று ஒன்று கேட்டே ஆக வேண்டும். சமூகம் தன்னைக் காக்கிறது என்கிறாரே, அந்தச் சமூகத்துக்குள் யார் யார்?

ஹர்த்தாலுக்கு ஐந்து வருடம் முன்னால், 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழர் ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள், அடுத்த வருடம் வாக்கும் போனது. அவர்களுடைய உழைப்பில் வந்த அந்நியச் செலாவணிதான் மற்றவர்களின் இலவசக் கல்விக்கும் மலிவு அரிசிக்கும் பெரும் பங்கு கொடுத்தது. காப்பைக் கட்டி எழுப்பக் காசு அங்கிருந்து வந்தது, காப்புக்குள் வர அவர்களுக்கு அனுமதி இல்லை. 1956இல் பண்டாரநாயக்க பிரதமராக வந்தார், பஸ்களும் கொழும்புத் துறைமுகமும் 1958இல் அரசுடைமையாயின, எளிய மக்களின் அரசு என்று பெயர். அதே அரசின் இன்னொரு சட்டம் தனிச் சிங்களம், சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று. 1972இல் காணிச் சீர்திருத்தம் வந்தது, தனியாருக்கு 50 ஏக்கர்தான் உச்சம் என்று, நல்லது. அதே 1972இல்தான் புதிய அரசியலமைப்பு பழையதில் சிறுபான்மையினருக்கு இருந்த 29ஆம் பிரிவின் பாதுகாப்பைக் கைவிட்டது. இவை தனித்தனிக் கதைகள் என்று எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், பொருளாதாரம் ஒரு பாடத்தில், இனப்பிரச்சினை இன்னொரு பாடத்தில். ஒரே கை எழுதிய ஒரே வாக்கியத்தின் இரண்டு பாதிகள் அவை. எதிர் நகர்வு எப்போதும் நல்லவர்கள் பக்கம்தான் போகும் என்று பொலான்யியும் சொல்லவில்லை, ஐரோப்பாவில் பாசிசம் அதே காயத்திலிருந்துதான் வளர்ந்தது என்று விளக்கத்தான் அவர் எழுத உட்கார்ந்தார்.

இப்போது கியூவில் நின்ற இரண்டு பேரிடம் திரும்புவோம். 1970இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் கூட்டரசாங்கம், என்.எம். பெரேரா நிதி அமைச்சர், டொலரை மிச்சப்படுத்த இறக்குமதியை இறுக்கிப் பூட்டியது. பூட்டிய கதவுக்குள் மிளகாயும் வெங்காயமும் வராததால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தின் செம்மண்ணும் வன்னியின் புதுக் குடியேற்றங்களும் பொன் விளைத்தன. ஐயாவின் அப்பாவிடம் நிலம் இருந்தது, கிணறு இருந்தது, விற்கச் சந்தை இருந்தது. அக்காவுக்குக் கலியாணம் நடந்தது.

1973இல் எண்ணெய் விலையும் உலகச் சந்தையில் அரிசி, கோதுமை மா விலையும் ஏறின. பூட்டிய கதவை இன்னும் இறுக்கினார்கள், கூப்பன் அரிசியும் மாவும் குறைந்தன, அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகத் தடை வந்தது. கிராமத்தில் கையளவு நிலம் இருந்தவர் மரவள்ளி நட்டார். தோட்டத்து லயன் அறையில் இருந்தவருக்கு மரவள்ளி நட நிலம் எங்கே? சுற்றிலும் தேயிலை, அது கொம்பனிக்குச் சொந்தம். வாக்கு இல்லாததால் கேட்க ஆளும் இல்லை. 1974இல் தோட்டங்களில் இறப்பு வீதம் மேலே போனது. அந்த அம்மாவின் தம்பி அதில் ஒருவன். கொள்கை ஒன்றுதான், அது வந்து சேர்ந்தபோது நிலம் யாரிடம், வாக்கு யாரிடம் என்பதுதான் கல்வீட்டையும் சாவையும் பிரித்தது.

1977 அந்த மூச்சு முட்டலுக்கு வந்த பதில். பாணுக்கு விடியற்காலை கியூவில் நின்ற மக்கள் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168இல் 140 ஆசனங்களைக் கொடுத்தார்கள். தலைவர் அதே ஜயவர்தன, 24 வருடம் முன்னால் 25 சதத்தை 70 ஆக்கியவர். மில்டன் ஃப்ரீட்மன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், நெருக்கடி வரும்போது சுற்றுவட்டாரத்தில் எந்தக் கருத்து தயாராகக் கிடக்கிறதோ அதுவே கையில் எடுக்கப்படும் என்று எழுதியிருக்கிறார். அது சரியான கவனிப்பு. தட்சர் பிரித்தானியாவில் வருவதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே, இந்தியா கதவைத் திறப்பதற்கு 14 வருடம் முன்னாலேயே இலங்கை திறந்துவிட்டது. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் வந்தது, புறக்கோட்டையில் கடைகள் நிரம்பின. அரிசிக் கூப்பன் சுருங்கி 1979இல் உணவு முத்திரையானது. 1980 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 40,000 பேர் வேலையை இழந்தார்கள். இறக்குமதி மிளகாயும் வெங்காயமும் வந்து இறங்க, கல்வீடு கட்டிய ஊர்களில் விலை சரிந்தது. அந்த ஊர் இளைஞர்கள் பிறகு எங்கே போனார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. திறந்த சந்தை எல்லோரையும் ஒன்றாகப் பார்க்கும், காசுக்கு இனம் இல்லை என்று சொல்லப்பட்டது. 1983 ஜூலையில் புறக்கோட்டையில் எரிந்த கடைகள் யாருடையவை என்று கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் 2022இல் நடந்தது என்ன? 2019 டிசம்பரில் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள், பிறகு கொவிட், 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத் தடை, 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்ற அறிவிப்பு. செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. அரசை எதிர்த்துக் காலிமுகத்திடலில் கூடியவர்களிடம் அப்போது நான் அடிக்கடி போய் நின்றிருக்கிறேன். ஒரு கூடாரத்தில் கடனை ரத்துச் செய் என்றார்கள், அடுத்ததில் நட்டத்தில் ஓடும் அரச நிறுவனங்களை விற்று ஒழி என்றார்கள், இரண்டு பேரும் ஒரே சட்டியிலிருந்து சோறு சாப்பிட்டார்கள். ஹயெக்கும் பொலான்யியும் ஒரே கூட்டத்துக்குள் இருந்தார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை, பொய் விலையாலும் அடிபட்டோம், காப்பு இல்லாததாலும் அடிபட்டோம்.

அதன் பின்னால் வந்தது நாணய நிதியத்தின் திட்டம், 2023 மார்ச் 20, நாலு வருடத்துக்கு ஏறத்தாழ 300 கோடி டொலர். மின் கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியது, வற் 2024இல் 18 ஆனது. கியூ மறைந்தது. கேஸ் இப்போது எந்தக் கடையிலும் கிடைக்கும், வாங்கக் காசு இருந்தால்.

2024இல் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார், தேசிய மக்கள் சக்திக்கு 225இல் 159 ஆசனம். 1971இல் ஆயுதம் எடுத்த மார்க்சியக் கட்சியின் வழியில் வந்தவர்கள் நாணய நிதியத் திட்டத்தைத் தொடர்கிறார்களே, இவர்கள் இடதா வலதா என்று என் மருமகள் கேட்டாள், ஏ லெவலுக்குப் பொருளியல் படிக்கிறாள். பெயர்ப்பலகையை விட்டுவிட்டு இரண்டு விஷயத்தைப் பார் என்றேன். எந்தெந்த விலையைச் சந்தைக்கு விட்டிருக்கிறார்கள், டொலர், மின்சாரம், பெற்றோல். அடி விழுகிறவருக்கு என்ன வைத்திருக்கிறார்கள், அதை வாங்க யாருக்கு உரிமை.

இரண்டாவதைப் பார்க்க பாராளுமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. ஏழைக் குடும்பங்களுக்கான சமுர்த்தி உதவிக்குப் பதிலாக 2023இல் அஸ்வெசும என்ற புதிய உதவித் திட்டம் வந்தபோது பயனாளிகளின் பெயர்ப்பட்டியல் கிராம சேவகர் அலுவலகங்களில் ஒட்டப்பட்டது. கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு பட்டியலுக்கு முன்னால் நானும் நின்றேன், எங்கள் தெருவில் துணி தேய்க்கும் ஒரு அக்காவுக்கு வாசித்துச் சொல்ல. பெயர்கள் நெருக்கி அச்சடித்திருந்தது, மழை பட்டு ஓரம் சுருண்டிருந்தது. அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக இன்னொரு முறை வாசித்தேன். பிறகு மேன்முறையீட்டுப் படிவம் எங்கே கிடைக்கும் என்று கேட்க உள்ளே போனோம்.